பெயரே தெரியாததை எப்படித் தேடுவது?

கேள்வி:
நூலக அறிவியல் முதலாண்டு மாணவி நான். ஒன்றைத் தேட அதன் பெயராவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதுவும் தெரியாதவர் எப்படி அறிந்துகொள்கிறார்?

பதில்:
இந்த முடிச்சைத்தான் தகவல் அறிவியல் ஆய்வாளர் நிக்கோலஸ் பெல்கின் 1980-இல் எடுத்துப் பேசினார். தேட வருபவருக்குத் தன் அறிவில் ஏதோ குறை இருப்பது தெரியும். அது என்னவென்று சொல்லத்தான் வராது.

கிளை நூலகத்தில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர், "மண்ணைப் பத்தி புத்தகம் இருக்கா தம்பி?" என்றார். நான் உடனே வேளாண்மை அடுக்கைக் காட்டவில்லை. உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். புதுக் கிணற்றில் தண்ணீர் உப்புக் கரிக்கிறதாம். அப்புறம்தான் அவருக்கே புரிந்தது, தேவை நிலத்தடி நீர் பற்றிய புத்தகம் என்று. ராபர்ட் டெய்லர் என்ற ஆய்வாளர் 1968-இல் ஆராய்ந்தது, நூலகரும் வாசகரும் பேசும் இந்த மாதிரி உரையாடலைத்தான். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதியும் இதுவே.

கேட்டவர்:
சரி சார், இணையத்தில் பேச்சுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

பதில்:
அங்கே கிடைக்கும் ஒவ்வொரு பக்கமும் ஒரு புதுச் சொல்லைத் தரும். அதை வைத்து அடுத்த தேடல். போகப் போகக் கேள்வியே மாறிவிடும். மார்சியா பேட்ஸ் என்ற ஆய்வாளர் 1989-இல் இதைக் காட்டில் பழம் பொறுக்குவதற்கு ஒப்பிட்டார்.

இன்னொருவர்:
அடுக்கையும் மறக்க வேண்டாம். நூலக அறிவியல் அறிஞர், சீர்காழிக்காரர் ரங்கநாதன் வாசகரை நேரே அடுக்குக்குள் விடச் சொன்னவர். பொருள்வாரியாக அடுக்கினால், தேடி வந்ததற்குப் பக்கத்திலேயே தேடத் தெரியாததும் நிற்கும். என் ஆய்வுத் தலைப்பு அப்படிக் கிடைத்ததுதான்.