முதல் ஸ்கீ வாங்குமுன்: அகலம், நீளம், பூட், பைண்டிங்

கேள்வி: வெளிநாடு வந்து முதல் குளிர்காலம். வாடகை ஸ்கீயில் பழகி, சுலபமான சரிவுகளைத் தாண்டி நடுத்தரச் சரிவுகளுக்கு வந்தாச்சு. உயரம் 172 செ.மீ., எடை 70 கிலோ. 100 மி.மீ. அகல ஸ்கீ எல்லாத்துக்கும் சரிவரும்னு கடையில் சொல்றாங்க. வாங்கலாமா?

பதில் 1: இப்போதைக்கு வேண்டாம். அந்த 100 என்பது ஸ்கீயோட இடுப்பு, அதாவது பூட்டுக்கு நேர் கீழே உள்ள அகலம். ஸ்கீ மேலேயே 121-74-104 மாதிரி நுனி, இடுப்பு, வால் அளவுகள் அச்சிட்டிருக்கும். நடு எண்ணை முதல்ல பாருங்க.

மெஷின் ஓட்டிச் சமன் செய்த கெட்டிப் பனிக்கு, அதுவும் பகல்ல இளகி ராத்திரி உறையுற மலைக்கு, 70 முதல் 80 போதும். அதைவிட அகலமானா எட்ஜ் (ஸ்கீயோட அடியோர உலோக விளிம்பு) பாதத்துக்கு வெளியே தள்ளி நிக்கும். ஸ்கீயைச் சாய்க்க முழங்காலுக்கு வேலை அதிகம், ஒரு எட்ஜிலிருந்து அடுத்ததுக்கு மாறவும் நேரமாகும். கெட்டியும் மெத்தையும் கலந்த பனிக்கு 85–95. நூறும் அதுக்கு மேலயும் ஆழமான புதுப்பனியில் மிதக்கத்தான். எப்பவாவது கொட்டுற புதுப்பனிக்காக அகலமா வாங்காதீங்க. அன்னிக்கு ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கலாம்.

நீளம் முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவுல, உங்களுக்கு 155–165. ஸ்கீயை வளைக்கிறது உடல் எடைதான். அதனால எடை குறைவானவங்க சின்னதா எடுக்கணும். நுனி நல்லா மேலே வளைஞ்ச ராக்கர் ஸ்கீன்னா 5 செ.மீ. கூட்டலாம், அந்த நுனி கெட்டிப் பனியைத் தொடாது. காலடியில் கேம்பர் (நடுப்பகுதி வில் மாதிரி மேலே வளைஞ்சிருக்கிறது), நுனியில் கொஞ்சமா ராக்கர் இருக்கிறதே உங்களுக்கு ஏத்தது. திரும்பும் ரேடியஸ், அதாவது ஸ்கீ சாய்ஞ்சு திரும்புற வட்டத்தோட ஆரம், 13–16 மீட்டர் பாருங்க. 18க்கு மேல போனா வேகம் இல்லாம வளையாது. உலோகத்தகடு வச்ச பந்தய ரகமும் அப்படித்தான்.

பதில் 2: ஸ்கீயைவிட முதலில் பூட்டுக்குச் செலவு செய்யுங்கள். அளவு என்பது பாதத்தின் நீளம், செ.மீ. கணக்கில். பூட்டின் உள்ளுறையைக் கழற்றி, வெறும் வெளி ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்னால் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் 1.5 முதல் 2 செ.மீ. இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் குதிகால் தூக்கும், ஸ்கீ தாமதமாகத் திரும்பும். பலர் ஸ்கீயைக் குறை சொல்வது இதனால்தான். ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போடுங்கள். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் இன்னும் விறைக்கும்.

பைண்டிங் என்பது பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பிடிப்பான். கிரிப்வாக் (நடக்க வசதியாக வளைந்த) அடிப்பாகம் கொண்ட பூட்டுக்கு அதை ஏற்கும் பைண்டிங்தான் வேண்டும். விழும்போது பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்டை விடுவிக்கும் என்பதைக் குறிக்கும் எண்ணை எடை, உயரம், வயது, திறமை, பூட் அடிநீளம் எல்லாம் வைத்துக் கடையில்தான் அமைக்க வேண்டும். நண்பரின் எண்ணைப் பின்பற்றவே கூடாது. அதிகமாக வைத்தால் மெதுவாக முறுக்கி விழும்போது கழலாது, முழங்கால் தசைநார் அறுந்துவிடலாம். குறைத்து வைத்தால் நடுச்சரிவில் கழன்று விடும். பூட் மாற்றினால் மறுபடி அமைக்கச் சொல்லுங்கள். பைண்டிங்கில் உள்ள பிரேக்கின் (கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் கம்பிகளின்) அகலம் ஸ்கீ இடுப்பைவிடக் குறையக்கூடாது, 15 மி.மீ. வரை கூடலாம்.

கேள்வி: பழைய ஸ்கீ?

பதில் 1: வாங்கலாம், ஆனா பைண்டிங் மாடலைக் கடையில் காட்டிட்டு வாங்குங்க. தயாரிப்பாளர் இன்னும் பொறுப்பேற்கிற மாடல்களோட பட்டியல்ல இல்லாத பழைய பைண்டிங்கைப் பெரும்பாலும் தொடவே மாட்டாங்க. எட்ஜ்ல மேலோட்டமான துரு தேய்ச்சா போயிடும். குழி விழுந்த துரு, பக்கவாட்டு விரிசல், நுனியில் அடுக்கு பிரிஞ்சது இருந்தா விட்டுடுங்க. ரெண்டையும் அடிப்பக்கம் ஒட்ட வச்சுப் பாருங்க. கேம்பர் ஸ்கீயில் நடுவுல இடைவெளி தெரியணும், தெரியலைன்னா விறைப்பு போயிடுச்சு. வளர்ற பிள்ளைங்களுக்கு நீளமா வாங்கி வைக்காதீங்க, அவங்களால வளைக்க முடியாது. சீசன் வாடகைதான் சரி.