புதுப்பிப்பு: அப்பாவின் ஈரல் கொழுப்பும் விற்றமின் ஈ குளிசையும்

ஈரல் கொழுப்புக்கு அப்பாவுக்கு விற்றமின் ஈ வாங்கலாமா என்று மாசியில் கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. கிளிநொச்சியில் காட்டிய டொக்டர் வேண்டாம் என்றார். 2010 இல் வெளியான ஆய்வில் நாளுக்கு 800 அலகு உதவியது நீரிழிவு இல்லாத, ஈரல் அழற்சி உறுதியானவர்களுக்குத்தான். அப்பாவுக்கோ சீனி வருத்தம்.

கைகொடுத்தது 'முதலில் எடையைக் குறையுங்கள்' என்ற யோசனை. இரவுச் சோறு பாதியானது, தேத்தண்ணிக்குச் சீனி நின்றது, விடியக் குளக்கட்டில் நடை. ஆறு மாதத்தில் 84 கிலோ 78 ஆனது. ஈரல் பாதிப்பைக் காட்டும் இரத்தச் சோதனை அளவான ஏஎல்டி 92 இலிருந்து 41.

எதிர்பாராதது: அலுமாரியில் பச்சைத் தேயிலைச் சாற்றுக் குளிசைப் போத்தல், பாதி காலி! அது சிலருக்கு ஈரலையே தாக்கும் என்று டொக்டர் உடனே நிறுத்தினார். அதனால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த ஸ்கான் தையில்.