தலையில் அடிபட்டால் ரத்தச் சர்க்கரை ஏறுமா? எலி ஆய்வை நம்பலாமா?

சிராவயல் முத்து:
மஞ்சுவிரட்டில் எங்கள் சித்தப்பாவை மாடு தூக்கிப் போட்டுவிட்டது. தலையில் பலமான அடி, இன்னும் ஐசியூவில்தான் இருக்கிறார். போனவுடன் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 238. அவருக்குச் சர்க்கரை நோய் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. வீட்டில் எல்லாரும் "இத்தனை நாளா மறைச்சு வச்சிருக்கீங்க" என்று சித்தியைப் பிடித்துக்கொண்டார்கள். அடிபட்டதாலேயே ஏறும், எலிகளில் பார்த்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

தேவகோட்டை விலங்கியல்:
உண்மைதான் முத்து. சித்தியை முதலில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

எலிக்கும் முன்னால் முயலில் பார்த்த விஷயம் இது. 1849இல் பிரான்சில் கிளாட் பெர்னார்ட் என்ற உடலியல் ஆய்வாளர் முயலின் மூளையில் நான்காம் மூளையறையின் தளத்தை ஊசியால் குத்தினார். கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை ஏறி, சிறுநீரிலும் வந்துவிட்டது. மூளையிலிருந்து நேராக வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பை வெட்டிப் பார்த்தார், அப்போதும் ஏறியது. தண்டுவடத்தை மேலே வெட்டினால் ஏறவில்லை. ஆக, மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகக் கல்லீரலுக்கு ஒரு கட்டளை போகிறது. பின்னால் வந்தவர்கள் பட்டினி போட்ட முயலில் செய்து பார்த்தார்கள். கல்லீரலில் சர்க்கரையின் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜன் இருப்பு தீர்ந்துபோயிருந்ததால் சர்க்கரை ஏறவில்லை. முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான், இவ்வளவு தெளிவாக ஒரு காரணத்தைப் பிடித்துக் காட்டிய சோதனைகள் மிகக் குறைவு.

இன்று எலிகளில் பார்ப்பதும் இதே பாதைதான். மூளையில் அடிபட்டதும், ஆபத்தில் உடம்பைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது, கார்ட்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, இன்சுலின் அடங்குகிறது. கல்லீரல் சேமிப்பை உடைத்து ரத்தத்தில் விடுகிறது. லாக்டேட்டும் கூடவே ஏறும்.

புதுவயல் மருந்தியல்:
ஐயா, பெர்னார்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஊசியால் குத்தினார். மாடு தூக்கிப் போட்டதில் பட்டது அப்படிப்பட்ட அடியா?

நான் ஆய்வு விலங்குகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸில் வேலை பார்த்தவன். எலியை மயக்காமல் இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. கீட்டமின், சைலசின் கலந்து போட்டால் அந்த மருந்தே சர்க்கரையை நன்றாக ஏற்றிவிடும். சைலசின் இன்சுலின் சுரப்பதைத் தடுக்கிறது. ஐசோஃப்ளூரேன் வாயுவும் ஏற்றும். எலியைக் கையில் பிடித்து அழுத்தினாலே ஏறும். இதில் எவ்வளவு அடியால் வந்தது, எவ்வளவு நம் கையால் வந்தது?

தேவகோட்டை விலங்கியல்:
அதற்குத்தானே தம்பி ஷாம் குழு வைக்கிறார்கள். அதே மயக்க மருந்து, அதே அறுவை, அதே நேரம். அடி மட்டும் கிடையாது. இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அடியின் கணக்கு.

புதுவயல் மருந்தியல்:
ஷாம் குழுவும் சுத்தமானது இல்லை ஐயா. உப்புநீர் அழுத்தத்தை மோத விடும் முறையிலும், உலோக முனையால் இடிக்கும் முறையிலும் முதலில் மண்டையோட்டைத் துளைக்கிறோம். துளைக்கும்போது வரும் சூடும் அதிர்வுமே அடியில் உள்ள மூளையைக் காயப்படுத்தும். அப்போது அடி விழாத எலி என்று எதைச் சொல்வது? எதுவுமே செய்யாத மூன்றாவது குழுவும் வேண்டும். பல கட்டுரைகளில் அது இருக்காது.

இன்னொன்று. 250 கிராம் எலியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 16 மில்லிதான். ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதனால் ஒரே எலியை மணிக்கு மணி பார்க்க முடியாமல், அடிபட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க ஒரு எலி, ஆறு மணி நேரம் கழித்துப் பார்க்க வேறு எலி என்று வைக்கிறார்கள். வரைபடத்தில் அது ஒரே எலியின் கதை போலத் தெரியும்.

காரைக்குடி லேப் மீனா:
ரத்தம் எடுத்த விதத்தையும் பாருங்கள். இதை யாரும் பேசுவதே இல்லை. வால் நுனியில் பிழிந்து எடுத்தால் சிவப்பணு உடைந்து சீரம் சிவந்துபோகும். அப்புறம் பொட்டாசியம், எல்டிஎச், ஏஎஸ்டி என்ற நொதிகள் எல்லாமே பொய்யாக ஏறும். அதைப் பார்த்து "மூளைக் காயத்தால் கல்லீரல் கெட்டது" என்று எழுதிவிடலாம். கார்பன் டை ஆக்சைடு கொடுத்துக் கொன்ற பிறகு எடுத்தால் அமிலத்தன்மையே மாறியிருக்கும். சர்க்கரைக்கு இதன் நேர் எதிர். ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூபில் எடுக்காமல் மேஜையில் வைத்திருந்தால் அணுக்களே தின்று, மணிக்கு ஐந்து ஏழு சதவீதம் குறைந்துவிடும்.

முத்து, சித்தப்பாவுக்கு எச்பிஏ1சி எடுக்கச் சொன்னார்களா? அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். அடிபட்ட அன்று ஏறிய சர்க்கரை அதில் தெரியாது. ஆனால் ரத்தம் ஏற்றியிருந்தால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

சிராவயல் முத்து:
ரத்தம் ஏற்றவில்லை அக்கா. நாளைக்கு எடுக்கச் சொல்கிறேன். டாக்டர் இன்சுலின் ஓடவிட்டிருக்கிறார். எலியில் சர்க்கரை கூடியபோது மூளை மோசமானது என்றும் கேள்விப்பட்டேன். அப்படியென்றால், எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லதுதானே?

புதுவயல் மருந்தியல்:
நான் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். எலியில் ஏறுகிறது என்பது வேறு, மனிதனில் குறைத்தால் பிழைப்பார் என்பது வேறு.

2009இல் வந்த நைஸ்-ஷுகர் சோதனையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐசியூ நோயாளிகள் இருந்தார்கள். சர்க்கரையை 81 முதல் 108க்குள் இறுக்கிப் பிடித்தவர்களில் இறந்தவர்கள் 27.5 சதவீதம். 180க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்டவர்களில் 24.9. மூளைக்குச் சர்க்கரை குறைவதும் ஆபத்து. டாக்டர் வைத்திருக்கும் அளவை நீங்கள் குறைக்கச் சொல்லாதீர்கள்.

புரொஜெஸ்டரோன் என்ற ஹார்மோனை மருந்தாகக் கொடுத்த கதையும் இதுவே. எலிகளில் மூளை வீக்கம் குறைந்தது, நன்றாகத் தேறின. 2014இல் இரண்டு பெரிய மனிதச் சோதனைகள் வெளிவந்தன, இரண்டிலும் பலன் இல்லை. ஸ்டீராய்டு இன்னும் மோசம். கிராஷ் என்ற சோதனையில் பத்தாயிரம் பேரைப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வந்தது: ஸ்டீராய்டு கொடுத்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். நம் ஐசியூவில் கிடப்பவர் ஒரே வயதுள்ள, ஒரே தீவனம் தின்ற, இளம் ஆண் எலி இல்லை.

தேவகோட்டை விலங்கியல்:
மருந்து தோற்றதற்கு எலி மட்டும் எப்படிப் பொறுப்பாகும் தம்பி? எலிக்கு அடிபட்ட சற்று நேரத்திலேயே மருந்து போகிறது, மனிதனுக்கு ஆம்புலன்ஸ் வந்து, ஸ்கேன் எடுத்து, அப்புறம்தான். ஒரே விதமான அடியைப் பல விதமான அடிகளோடு சேர்த்துப் பார்த்தது ஆய்வைத் திட்டமிட்டவர்களின் குறை.

மூளைக் காயத்தைக் காட்டும் அடையாளப் பொருள்களைப் பாருங்கள். ஜிஎஃப்ஏபி, யுசிஎச்-எல்1 என்ற இரண்டு புரதங்கள் எலி ஆய்விலும் ஏறின, மனித ரத்தத்திலும் ஏறின. 2018இல் அமெரிக்காவில் அவற்றை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தார்கள். லேசான அடி என்றால் சிடி ஸ்கேன் தேவையா என்று ரத்தத்தை வைத்து முடிவு செய்ய உதவுகிறது. உடம்பின் பாதை எது என்று கேட்டால் விலங்கு சரியாகச் சொல்கிறது. அந்த மட்டில் நான் விடமாட்டேன்.

புதுவயல் மருந்தியல்:
பாதைக்குச் சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். சிகிச்சைக்கு மாட்டேன். அதோடு, ஷாம் குழுவை ஒழுங்காக வைக்காமல், ரத்தம் எடுத்த நேரத்தைக்கூட எழுதாமல் வருகிற கட்டுரைக்காக ஓர் எலியைக் கொல்வதும் எனக்குச் சம்மதமில்லை. எலிக்குக் கார்ட்டிகோஸ்டீரோன் சாயங்காலம்தான் உச்சத்தில் இருக்கும். நேரத்தை எழுதாத எண்ணை வைத்து என்ன செய்ய? 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி விலங்கு ஆய்வுக் கமிட்டி அனுமதி வாங்கியாக வேண்டும். அந்தக் கமிட்டி இதையும் கேட்க வேண்டும்.

காரைக்குடி லேப் மீனா:
முத்து, சர்க்கரையிலேயே நிற்காமல் சோடியம் எவ்வளவு என்றும் கேளுங்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு அடுத்த சில நாட்களில் அது இறங்கவும் செய்யும், சிலருக்கு ஏறவும் செய்யும். சிறுநீர் திடீரென்று அதிகமாகப் போனால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

சிராவயல் முத்து:
காலையில் 131 என்று எழுதியிருக்கிறது அக்கா. ராத்திரி ரவுண்டுக்கு வரும்போது டாக்டரிடம் கேட்கிறேன். ஐயா எழுதியதைச் சித்தியிடம் படித்துக் காட்டிவிட்டேன்.