அந்த 97 எங்கிருந்து வந்தது?

கணக்குப்பிள்ளை: நேற்று ஒருவர் "பூமி சூடாவதற்கு மனிதன்தான் காரணம் என்று 97 சதவீத விஞ்ஞானிகள் சொல்லியாகிவிட்டது, இனிப் பேச்சுக்கே இடமில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். பூமி சூடாவதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண், 2013ல் ஜான் குக் என்ற ஆய்வாளரின் குழு, பருவநிலை பற்றிய 11,944 ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்துச் சொன்னது. அவற்றில் 66.4 சதவீதம், மனிதன்தான் காரணமா என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மிச்சத்தில்தான் 97.1 சதவீதம் ஆம் என்றன. எண்ணியது கட்டுரைகளை, தலைகளை அல்ல.

தும்பி: எழுதியது நான்தான். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எந்த வானியல் கட்டுரையாவது சுருக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்குமா? அதே குழு கட்டுரையாளர்களிடமே அவரவர் கட்டுரையைப் பற்றிக் கேட்டபோது 97.2 வந்தது. அதை மட்டும் ஏன் சார் விழுங்கிவிட்டீர்கள்?

கணக்குப்பிள்ளை: விழுங்கவில்லை. அங்கேயும் 35.5 சதவீதக் கட்டுரைகளில் நிலைப்பாடு இல்லை என்று எழுதியவர்களே சொன்னார்கள். மறுபடி சொல்கிறேன்: 66.4. எண்ணைக் காட்டி வாயை அடைப்பதற்குப் பெயர் மேடைப்பேச்சு.

ஓரமாநிற்பவன்: மேடைப்பேச்சு என்றால் 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டில் அதன் உறுப்பினர் ஜேம்ஸ் இன்ஹோஃப் செய்தது. பையிலிருந்து பனியுருண்டையை எடுத்து வீசினார். வெளியே குளிர்கிறதாம், அதனால் வெப்பமயமாதல் பொய்யாம். 97ஐயாவது உட்கார்ந்து சரிபார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை: இன்ஹோஃபை நான் எங்கே இழுத்தேன்? போன மாதத் திரியிலும் இதே வேலைதான். 1998லிருந்து வெப்பக் கோடு ஏறவில்லை என்றேன், நீங்கள் பனிக்கரடிப் படம் போட்டீர்கள். படத்தைப் பார்த்து நான் அழ வேண்டுமா?

ஓரமாநிற்பவன்: அழ வேண்டாம். பசிபிக் கடல் சூடாகி உலக வெப்பத்தையே ஏற்றிவிடும் எல் நினோ உச்சத்தில் இருந்த வருடத்திலிருந்து கோடு போட்டால் அது படுத்துத்தான் கிடக்கும் என்று அன்றே சொன்னேன். பத்து வருடம் முந்தி, 1988லிருந்து போட்டுப் பாருங்கள் என்றதும் ஆளைக் காணோம்.

கணக்குப்பிள்ளை: எனக்கு வேறு வேலையும் உண்டு. 66.4க்கு வாருங்கள்.

சொல்லாய்வு: இருவருக்கும் ஒரு வேண்டுகோள். சதவீதம் வேண்டாம், விழுக்காடு என்று எழுதுங்கள்.

தும்பி: வந்துட்டார்யா. பனிப்பாறை உருகுகிற நேரத்தில் இவருக்கு விழுக்காடு.

சொல்லாய்வு: எண்ணைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் அதன் பெயரையாவது தமிழில் எழுதலாமே.

கணக்குப்பிள்ளை: விழுக்காடோ சதவீதமோ, 66.4க்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தும்பி: மேலே சொன்னேன். சூரியன், பூமி. கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை: அது பதில் இல்லை தம்பி, உவமை.

சொல்லாய்வு: உவமையும் இல்லை. எடுத்துக்காட்டு.