பழங்குடி இயக்குநர்களின் படங்கள்: அடுத்து எதைப் பார்க்கலாம்?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு படம் சேர்ந்து பார்க்கிறோம். போன மாதம் கனடாவின் இனுயிட் பழங்குடி இயக்குநர் சக்கரியாஸ் குனுக் தங்கள் இனுக்டிடுட் மொழியில் எடுத்த ‘அட்டனார்ஜுவாட்’ (2001). கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஒட்டுத்துணி இல்லாமல் ஒருத்தன் பனிக்கட்டி மேல் ஓடுகிற காட்சியில் முறுக்கு கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது! இந்த மாதம் ஆஸ்திரேலியப் பூர்வகுடி இயக்குநர் வார்விக் தார்ன்டனின் ‘சாம்சன் அண்ட் டிலைலா’ (2009). இரண்டுமே கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான கேமரா தோர் விருதை வாங்கியவை.

அதற்கப்புறம் எது? பழங்குடிகளைப் பற்றி வெளியாள் எடுத்தது வேண்டாம், நிறையப் பார்த்தாச்சு. அவர்களே எடுத்ததாக, சமீபத்தியதாக, முடிந்தால் பெண் இயக்குநருடையதாக இருக்கட்டும். எந்த ஓடிடியில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆங்கில சப்டைட்டில் இருந்தால் போதும், அம்மாவுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவேன்.