நார்மாலிட்டிக்கு ஒரு சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருச்சியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். முதலாண்டு ஆய்வக வழிகாட்டியைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கரைபொருள், செறிவு, தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன, கரைசலின் செறிவைச் சொல்லும் அளவுகளில் ஒன்றான நார்மாலிட்டியில் மாட்டிக்கொண்டேன். போன வாரம் ஒரு பையன் பியூரெட்டைக் கழுவிக்கொண்டே, "மிஸ், நார்மல் கரைசல்னா சாதாரண கரைசல்தானே?" என்கிறான். 'இயல்புத்திறன்' என்று எழுதினால் அதே குழப்பத்தைத் தமிழில் கொடுத்ததாகும். வேறென்ன போடலாம்?

மதுரையிலிருந்து:
அம்மா, 'சீர்மை' என்று போடுங்கள். "சமன்செய்து சீர்தூக்குங் கோல்" என்பதில் சீர் எடைதான். ஒரு லிட்டரில் எத்தனை கிராம் சமானம் கரைந்திருக்கிறது என்று தூக்கிப் பார்ப்பதுதானே நார்மாலிட்டி? அடுத்த அதிகாரத்திலேயே "செறிவறிந்து சீர்மை பயக்கும்" என்கிறார் வள்ளுவர். செறிவும் சீர்மையும் ஒரே அடியில்! யாப்பில் சீர், திருமணத்தில் சீர், ஊர்ப்பக்கம் சீர்வரிசைத் தட்டு, எல்லாமே அளந்து வைப்பவை.

கோவையிலிருந்து:
ஐயா, அந்தக் குறளில் செறிவு என்றால் அடக்கம். அதைக் குடுவையில் ஊற்றிக் கலக்க முடியாது. அப்படிப் பார்த்தால் தண்டியலங்காரத்துப் பத்துக் குணங்களில் முதலாவது செறிவு, மூன்றாவது சமநிலை. இரண்டையும் வேதியியல்காரர்கள் எப்போதோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 'சீர்மை' என்றால் பிள்ளைகளுக்குச் சமச்சீர்தான் நினைவுக்கு வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
மோல், மோலாரிட்டி என்று நீங்கள் சொல்வதை நாங்கள் மூல், மூலர்த்திறன் என்று படித்தோம். பியூரெட் எங்களுக்கு அளவி, பிப்பெட் குழாயி. நீங்கள் சமானம் என்பதை நாங்கள் சமவலு என்போம். ஆகவே 'சமவலுச் செறிவு'. விளக்கமே தேவைப்படாது.

சென்னையிலிருந்து:
மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அனைத்துலக வேதியியல் ஒன்றியமே கைவிடச் சொன்ன ஓர் அளவைக்கு இப்போது பெயர்சூட்டு விழாவா? பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை எடுங்கள். மோலார் நிறை 158. அமிலக் கரைசலில் அது ஏற்பது 5 எலக்ட்ரான், ஆகவே 158-ஐ 5-ஆல் வகுத்தால் சமான எடை 31.6. நடுநிலைக் கரைசலில் 3 எலக்ட்ரான்தான், 52.67. லிட்டருக்கு 3.16 கிராம் கரைத்த ஒரே புட்டி அங்கே 0.1 நார்மல், இங்கே 0.06 நார்மல். லிட்டருக்கு எத்தனை மோல் என்று சொல்லும் மோலாரிட்டியோ இரண்டிலும் 0.02. புட்டியின் மேல் ஒட்டவே தகுதியில்லாத ஓர் அளவைக்கு 'சீர்மை' என்ற பெயர் ரொம்பப் பெரிது.

திருச்சியிலிருந்து:
சார் சொல்வது சரி. ஆனால் செய்முறைத் தேர்வில் நார்மாலிட்டிதானே வருகிறது? ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் மோலார் நிறை 126, சமான எடை அதில் பாதி, 63. 250 மில்லியில் 0.1 நார்மல் செய்ய 1.575 கிராம். தராசு முன்னால் நிற்கிற பிள்ளையிடம் ஒன்றியம் கைவிட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? பெர்மாங்கனேட் விஷயத்தை மட்டும் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுகிறேன். சொல்லுக்கு 'சமானச் செறிவு' என்று வைத்துக்கொள்ளலாமா?

மதுரையிலிருந்து:
சமானம் வடசொல். 'நிகர்ச்செறிவு' என்றாவது போடுங்கள்.

கோவையிலிருந்து:
சமான எடை என்று பாடநூலில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு நிகரெடை என்று மறுபடி சொல்லித்தர வேண்டும். வேலை இரட்டிப்பு. அப்புறம் வி1என்1 = வி2என்2 என்ற வாய்ப்பாட்டில் (வி கன அளவு, என் நார்மாலிட்டி) அந்த 'என்' எங்கே போகும்? என் வாக்கு சமானச் செறிவுக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அச்சுக்கு நேரமாகிவிட்டதென்றால் சமானச் செறிவே இருக்கட்டும். நான் எழுதும்போது சமவலு என்றுதான் எழுதுவேன்.

திருச்சியிலிருந்து:
நன்றி. முதல் முறை வரும்போது 'சமானச் செறிவு, அதாவது நார்மாலிட்டி' என்றும், அதற்குப் பிறகு சமானச் செறிவு என்று மட்டுமே எழுதியும் அனுப்பிவிட்டேன். வாய்ப்பாட்டில் 'என்' அப்படியே இருக்கிறது.

மதுரையிலிருந்து:
அனுப்பியாயிற்றா? சரி. இரண்டாம் பதிப்பு எப்போது வரும், அம்மா?