மைக் செட் மேசையில் பதிவான கச்சேரிக் கேசட்டுகள்: பாட்டுக்கு நடுவே உள்ளவற்றை வெட்டிவிடலாமா?

கொருக்குப்பேட்டையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1979 முதல் 1997 வரை கொருக்குப்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடும் தொழில் செய்தவர். ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் அம்மன் கோயில்கள், மார்கழியில் பஜனை மடங்கள், கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம் என்று எங்கே குழாய் ஒலிபெருக்கி கட்டினாலும், ஆம்ப்ளிபயரின் பின்புறத்திலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் தம்முடைய டேப் ரிக்கார்டரில் சொருகி, அன்றைய கச்சேரியைக் கேசட்டில் பிடித்துக்கொண்டு வருவது அவருடைய வழக்கம். பதிவு செய்யுமாறு யாரும் அவரைக் கேட்டதில்லை, யாரும் தடுத்ததும் இல்லை. பாடியவர்களுக்கும் அது தெரியும். சிலர் மேடையை விட்டு இறங்கியதும் நேரே அவர் மேசைக்கு வந்து, "நம்ம பாட்டு விழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பார்கள்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பரணிலிருந்து இறக்கிய இரண்டு தகரப் பெட்டிகளில் 212 கேசட்டுகள் இருந்தன. ஏறக்குறைய எல்லாமே 90 நிமிடக் கேசட்டுகள். ஒவ்வோர் உறையின் முதுகிலும் பச்சை மையில் தெருவின் பெயர், கோயிலின் பெயர், தேதி ஆகியவற்றை எழுதியிருக்கிறார். பதிவு முடிந்ததும் கேசட்டின் பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுவார். அவற்றை உடைத்துவிட்டால் தவறிப்போய்க்கூட அதன்மேல் வேறொன்றைப் பதிவு செய்ய முடியாது. எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, வானொலியில் வந்த சினிமாப் பாட்டைப் பிடிக்கும் ஆசையில் அந்தத் துளையில் காகிதத்தை மடித்துச் சொருகி, ஒரு கோயில் கச்சேரியின் ஒரு பக்கம் முழுவதையும் அழித்துவிட்டேன். அப்பா திட்டவில்லை. உறையில் இருந்த 'இரு பக்கமும்' என்ற சொற்களை அடித்துவிட்டு 'ஏ பக்கம் மட்டும்' என்று எழுதி, கேசட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். அந்த உறை இப்போது என் மேசையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். இராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் ஆகிய இடங்களிலிருந்து ஆளுக்கு ஒரு வெறும் கேசட்டும் தங்களிடம் உள்ள ஒரு பதிவும் கொண்டுவந்து, அதைக் கொடுத்து இதைப் படியெடுத்துக்கொண்டு போவார்கள். காசு கைமாறியதே இல்லை. விற்பதற்காக ஒருவர் ஒருமுறை கேட்டபோது, அப்பா அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து வெறுங்கையுடன் அனுப்பினார். ஒன்றரை மணி நேரக் கச்சேரியைப் படியெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். வந்தவர்கள் அவ்வளவு நேரமும் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இதுவரை 40 கேசட்டுகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறேன். உங்களிடம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவதாக, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிறைய இருக்கிறது: சுருதி சேர்ப்பது, யார்டுக்குப் போகும் சரக்கு இரயில், உபயதாரர் பட்டியல், நீலச் சட்டை அணிந்த பையன் மேடைக்கு அருகில் அழுதுகொண்டு நிற்பதாக ஓர் அறிவிப்பு. இவற்றை நீக்கிப் பாட்டுகளை மட்டும் தனித்தனிக் கோப்புகளாக வைத்தால்தான் இந்தக் காலத்தில் யாராவது கேட்பார்கள் என்கிறார் என் தம்பி. இரண்டாவதாக, சில கேசட்டுகளில் சுருதி ஏறிக் கேட்கிறது. பெரியவர்களின் குரலும் பையன்களின் குரல் போல ஒலிக்கிறது. மூன்றாவதாக, 16 கேசட்டுகள் இழவு வீடுகளில் பாடப்பட்ட மரண கானாக்கள். இவற்றை மற்றவர்களுடன் பகிரலாமா?

இராயபுரம் பழையவன் எழுதியது:

தம்பி, வெட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. எங்கள் தெருத் திருவிழாவின் மெல்லிசைக் கச்சேரி ஒன்றை முழுதாக ஏற்றி உறவினர்கள் அனைவருக்கும் அனுப்பினேன். பத்து நிமிடத்திற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. அதையே பாட்டு பாட்டாகப் பிரித்து அனுப்பியபோது, துபாயில் இருக்கும் என் மருமகன் இரவு இரண்டு மணிக்கு அழைத்து, டோலக் வாசிப்பவர் யார் என்று கேட்டான். பாட்டு யாருடைய காதிலாவது விழுந்தால்தான் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். உபயதாரர் பட்டியலைக் கேட்பதற்காக யாரும் உட்காரப்போவதில்லை.

சுருதிப்பெட்டி எழுதியது:

கொருக்குப்பேட்டையாரே, தயவுசெய்து எதையும் வெட்டாதீர்கள். இராயபுரத்து அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. கேட்பவர்களுக்குப் பாட்டு பாட்டாகக் கொடுங்கள். ஆனால் அது படியிலிருந்து எடுத்த படியாக இருக்கட்டும். மூலத்தில் கத்தரி படக்கூடாது. இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையே நீங்கள் வெட்ட நினைக்கும் இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

பதிவு செய்த அன்று டேப் ரிக்கார்டரின் பேட்டரி இறங்கியிருந்தாலோ பெல்ட் தளர்ந்திருந்தாலோ நாடா மெதுவாக ஓடியிருக்கும். அப்படி மெதுவாக ஓடிப் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி ஏறிவிடுகிறது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் காதால் ஊகிக்க வேண்டியதில்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று கொண்டது. மைக் செட் ஆம்ப்ளிபயரிலிருந்து நேராக எடுத்த பதிவில் அந்த மின்சாரத்தின் 'ஊம்' என்ற ஹம் ஓசையும் மெல்லியதாகப் பதிவாகியிருக்கும். பாட்டு நடக்கும்போது அது புதைந்து போகும். பாடகர் நிறுத்தி மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில்தான் தெளிவாக மேலே வரும். அந்த இடத்தை ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் தேர்ந்தெடுத்து அதிர்வெண் வரைபடத்தைப் பாருங்கள். 50இலோ, அதன் இரட்டிப்பான 100இலோ இருக்க வேண்டிய கூர்முனை 52இலோ 104இலோ இருந்தால், பதிவு நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஒலிக்கிறது என்று பொருள். ஆறு பங்கு ஏறினால் ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். சரிசெய்யும்போது சுருதியை மட்டும் இறக்காமல் வேகத்தையே குறைக்க வேண்டும். அப்போதுதான் தாளமும் பழைய நடைக்குத் திரும்பும். ஜெனரேட்டரில் ஓடிய இரவுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே சுருதி மாறாத ஆர்மோனியத்தின் ஒலியை அளவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் தொடங்குமுன் உங்கள் பிளேயரே சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று நல்ல நிலையில் உள்ள கம்பெனிக் கேசட் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இட வசதியைப் பற்றியும் கவலை வேண்டாம். ஒரு 90 நிமிடக் கேசட்டைச் சுருக்காமல் குறுந்தகட்டுத் தரத்தில் வைத்தால் ஒரு ஜிபிக்குச் சற்றுக் குறைவாகவே வரும். உங்களுடைய 212 கேசட்டுகளும் 200 ஜிபி அளவில் அடங்கிவிடும். கடற்கரைக் காற்றில் இருந்த கேசட்டுகள் என்பதால் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூத்திருந்தால் ஓட்டாமல் தனியே எடுத்துவையுங்கள். அது பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவிவிடும்.

கொடுத்து வாங்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சற்று நேரம் எழுந்து நடந்தேன். நானும் அப்படித் திண்ணைகளில் உட்கார்ந்து வளர்ந்தவன்தான். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடத்தில் முடிந்துபோகும். 1968இல் மறைந்த கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி ஐயர் ஓர் இராகத்தை எடுத்துக்கொண்டு ஸ்வரங்களை அடுக்கிக்கொண்டே போவதை இன்று நம்மால் கேட்க முடிகிறது என்றால், அதற்கு அன்று பெரிய நாடாச் சுருளில் பதியும் ஸ்பூல் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சபாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போன இரசிகர்களும் ஒரு காரணம். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழு, பதிவு செய்ய வருகிற இரசிகர்களுக்கென்று 1984இல் அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. வடசென்னையில் அந்த இடம் உங்கள் தந்தையாரின் மேசையாக இருந்திருக்கிறது.

புளியந்தோப்பு மகள் எழுதியது:

ஐயா, உங்களுடைய மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் இறந்த இரவு, எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு விடிய விடியக் கானா பாடினார்கள். கானா பாடுகிறவர் தெரிந்த பாட்டை அப்படியே பாடிவிட்டுப் போகமாட்டார். இறந்தவருடைய பெயர், அவர் பார்த்த வேலை, அவருக்குப் பிடித்த கூட்டாளி, அவர் பெற்ற பிள்ளைகள் ஆகிய எல்லாவற்றையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டு அடிகளுக்குள் கோத்துவிடுவார். அந்த அடிகள் அந்த ஓர் இரவுக்கு மட்டுமே உரியவை. என் தாத்தாவின் முதுகில் இருந்த மூட்டைத் தழும்பைப் பற்றி நான்கு அடிகள் வந்தன என்று பாட்டி கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நான்கு அடிகளும் அவருக்கு நினைவில் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, அந்த இரவின் பதிவு இணையத்தில் வேறொரு தலைப்புடன் இருப்பதை என் தம்பி கண்டுபிடித்தான். யாரோ ஒருவர் படியெடுத்ததைப் படியெடுத்து, பாடலுக்கு அடியில் கேட்ட எங்கள் வீட்டுப் பெண்களின் அழுகையைச் 'சூழல் ஒலி' என்று குறிப்பிட்டுப் போட்டிருந்தார். பாட்டி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அந்தப் பதிவு முதலில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அவர் கேட்டிருப்பார் என்பதைத் தவிர எனக்கு யார் மீதும் வேறு கோபம் இல்லை.

ஆகவே, உறையில் எழுதியுள்ள தெருவுக்கு முதலில் போய் விசாரியுங்கள். வடசென்னையில் இழவு வீட்டை விசாரித்தால் வழிகாட்டாதவர் இல்லை. அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு படியைக் கொடுத்துவிட்டு, பகிரலாமா என்று பிறகு கேளுங்கள். பாடியவரின் பெயரையும் தேடி எழுதிவையுங்கள். கானாப் பாடகர்களின் பெயர் கேசட் உறையில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. நான் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக இருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், மேடையில் பாடுகிறவருக்கு அவருடைய நிகழ்ச்சியின் மீது தனி உரிமை கொடுத்தது. 1999 திருத்தத்தில் அதன் காலம் 50 ஆண்டுகள் ஆனது. வீட்டில் வைத்துக் கேட்பது ஒன்று, ஊருக்குப் பரப்புவது வேறொன்று. உங்கள் தந்தையாரும் விற்க மறுத்தவர்தானே.

இன்னொன்று. பின்னி மில்லுக்கு அருகில் எடுத்த கேசட் ஏதாவது இருந்தால் மில் சங்கு கேட்கிறதா என்று கவனியுங்கள். மில் 1996இல் மூடப்பட்டது. தேதி எழுதாத கேசட்டில் சங்கு ஒலித்தால் அது அதற்கு முந்தையது என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

கொருக்குப்பேட்டையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பதிலெழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்த வேலையில்தான் இருந்தேன்.

சுருதிப்பெட்டி ஐயா, 1986 ஆடி மாதக் கேசட் ஒன்றில் நீங்கள் சொன்னபடி பார்த்தேன். வில்லுப்பாட்டுக்கு முன்னால் ஏழு நொடி இடைவெளி இருந்தது. கூர்முனை 53.4இல் நின்றது. அந்த விகிதத்தில் முழுக் கேசட்டின் வேகத்தையும் குறைத்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று தொடக்கத்திலிருந்து ஓட்டினேன். முதலில் பாட்டு வரவில்லை. யாரோ மைக்கைத் தட்டி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிவிட்டு, "தம்பி, அந்தக் கிழக்குக் குழாயைக் கொஞ்சம் கோயில் பக்கம் திருப்பு" என்றார்கள். இதே இடத்தை இதற்கு முன்பு நான்கு முறையாவது கேட்டிருப்பேன். வேலைக்கு வந்த பையன் யாரோ பேசுகிறான் என்று நினைத்து, வெட்ட வேண்டியவற்றின் பட்டியலில் குறித்தும் வைத்திருந்தேன். வேகம் சரியானதும் அது அப்பாவின் குரல். என் அம்மாவை அழைத்து வந்து கேட்க வைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல், கையால் சைகை காட்டி மறுபடி ஓட்டச் சொன்னார்.

இராயபுரத்து அண்ணா, பாட்டுகளைத் தனியே பிரித்தும் வைக்கிறேன்; தம்பி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். முழுப்பதிவுகள் கத்தரி படாமல் இரண்டு வட்டுகளில் இருக்கும். அவற்றில் ஒன்று தம்பி வீட்டில் இருக்கும்.

புளியந்தோப்பு அம்மா, 16 கேசட்டுகளில் ஐந்தின் குடும்பங்களைக் கண்டுபிடித்துவிட்டேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை வ.உ.சி. நகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். இறந்தவருடைய மனைவிக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கைப்பேசியில் ஓட்டியபோது காது கேட்கவில்லை என்றார். பேத்தி ஸ்பீக்கரில் இணைத்தாள். தெருவில் இருந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பாடியவரின் பெயரை அந்த அம்மா கேட்ட மாத்திரத்தில் சொன்னார், உறையில் எழுதிக்கொண்டேன். மற்றவர்களுடன் பகிரலாமா என்று கேட்டதற்கு, பெரிய மகன் வெளியூரிலிருந்து வந்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அதுவரை அந்தக் கேசட் அவர்கள் வீட்டுக்கும் என் பெட்டிக்கும் மட்டுமே உரியது. உங்கள் தாத்தாவின் இரவு எந்த ஆண்டு, எந்தத் தெரு என்பதை எழுதுங்கள். இன்னும் 172 கேசட்டுகளை நான் ஓட்டிப் பார்க்கவில்லை. அப்பா புளியந்தோப்புக்கும் அடிக்கடி போனவர்.